விரதத்துக்குள் ஒளிந்திருந்த ஆண்டு

எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் தன் மனைவியைவிட்டுத் தள்ளிப் படுக்க வேண்டும் என்றால் அவளோடு சண்டை போடத் தேவையில்லை. விரதம் என்று சொன்னால் போதும். பாயை உதறிக் கூடத்தில் விரித்துக்கொள்ளலாம். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்; மரியாதைதான் கூடும். இந்த வசதியை நான் கண்டுபிடித்தபோது எனக்கு ஐம்பதை எட்ட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

நான் லகாட் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வீடு சிலிபினில். பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே இப்போது பால்மரம் ஒன்றுகூட இல்லை, பாதி செம்பனை, பாதி வீடுகள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றது. பேச்சு அதற்கும் முன்பே நின்றுவிட்டது என்று என் அக்கா சொல்வார். அவ்வளவு கூச்சம். ஒட்டுக்கடை என்கிற சாலையோரத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால், எனக்கு முன்னால் இருப்பவர் என்ன கேட்டாரோ அதையே நானும் கை காட்டி வாங்கிக் குடிப்பேன். அதனால் எனக்குப் பிடிக்காத பானங்களை நிறையக் குடித்திருக்கிறேன்.

என் மனைவி இதற்கு நேர் எதிர். அவள் ஹுத்தான் மெலிந்தாங்காரி. அந்த ஊரில், மீன் படகுகள் வந்து நிற்கும் ஆற்றோரம் வளர்ந்தவள். சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து அவள் கேட்கும் கேள்விகளுக்கு மீன்காரரே பதில் தெரியாமல் விழிப்பார். ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள். அவள் பினாங்கில் வேலை கிடைத்துப் போனபின் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று, "இனிமே நமக்கு ரெண்டாவது கல்யாணம் லா," என்றாள் மனைவி.

நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சமயத்தில்தான் என் உடம்பு எனக்குத் தெரியாமல் கழன்றுகொண்டிருந்தது.

முதலில் அது அலுப்பு மாதிரிதான் இருந்தது. கிடங்கில் எனக்கு இரவு வேலை கொடுத்திருந்தார்கள். காலையில் வந்து படுத்தால் தூக்கம் வராது. எழுந்தால் அலுப்பு போகாது. தொப்பை இறங்கியது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வந்தது. பிறகு ஒரு நாள் கவனித்தேன், ஆசை என்ற ஒன்று என்னிடம் இல்லை. வேலை இல்லாத இரவுகளில் மனைவி பக்கத்தில் வந்து படுத்துக் கையை மேலே போடுவாள். எனக்கு அவள்மேல் பிரியம் குறையவில்லை. ஆனால் உடம்பு பேட்டரி இறங்கிய ஃபோர்க்லிஃப்ட் மாதிரி கிடந்தது. சாவி திரும்பும், விளக்கு எரியும், ஆனால் எதையும் தூக்காது.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். தேத்தண்ணி கேட்கவே கூசுகிறவன் இதை எப்படிச் சொல்வேன்? தூங்குவதுபோல் கிடந்தேன்.

அப்படி இருக்கும்போது தைப்பூசம் வந்தது. வருடா வருடம் பால்குடம் எடுக்கிறவன் நான். வழக்கம்போல் விரதம் தொடங்கிக் கூடத்தில் பாய் விரித்தேன். படுத்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. யாரும் என்னை எதுவும் கேட்காத இடம் ஒன்று கிடைத்துவிட்டது.

பூசம் முடிந்தது. மனைவி பாயைத் துவைத்துக் காயவைத்து அலமாரிக்கு மேலே போட்டாள். மீன் குழம்பு வைத்தாள். தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள். எனக்கு வியர்த்தது.

"பங்குனி உத்திரத்துக்கும் இருக்கலாம்னு வேண்டிக்கிட்டேன்," என்றேன்.

அவள் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "எதுக்கு?"

"மகளுக்கு."

மகளுக்கு என்றால் எந்தத் தாய் மறுப்பாள்? பாய் கீழே இறங்கியது. பங்குனி முடிந்தபின் சித்திரைப் பௌர்ணமி, பிறகு ஆடி மாதத்தில் கோவில் தீமிதி, அதன் பிறகு புரட்டாசி. புரட்டாசியில் எல்லோரும் சனிக்கிழமை இருந்தால் நான் மாதம் முழுக்க இருந்தேன். அது முடிந்த கையோடு கந்த சஷ்டி. நம்முடைய பஞ்சாங்கத்தைப்போல் கூச்சக்காரனுக்குக் கைகொடுக்கும் பொருள் வேறு கிடையாது. சில வேளை முருகன் படத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் இரண்டு மனைவி உள்ளவருக்கு நம் கஷ்டம் புரியாமலா போகும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஊரில் என் பெயர் ஏறிக்கொண்டே போனது. அண்ணே என்று கூப்பிட்டவர்கள் சாமி என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் கணவரை என் முன்னாலேயே ஏசுவார்: "அந்த அண்ணனப் பாருங்க. வருசம் பூரா சுத்தம். நீங்களும் இருக்கீங்களே, பீர் டின்னும் கையுமா." அந்த மனிதர் என்னைப் பார்க்கும் பார்வையில் நெருப்பு இருக்கும். கோவில் கமிட்டியில் விரதம் பற்றி இளைஞர்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அதற்குப் பயந்து ஒரு வாரம் கோவில் பின்வாசல் வழியாகப் போய் வந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், விரதம் இருக்க இருக்க நான் பெருத்தேன். கோவிலில் தினமும் ஏதாவது ஒரு பிரசாதம். சர்க்கரைப் பொங்கல், பாயசம், வடை, கேசரி. கறி மீன் இல்லாத குறைக்கு இனிப்பான கட்டிப் பால் ஊற்றிய தேத்தண்ணி. பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் பூஜை. கிடங்கில் லாரிக்குச் சாமான் ஏற்றும் என் கூட்டாளி ஒருவன், என்னை மச்சான் என்று கூப்பிடுகிறவன், என் வயிற்றைத் தட்டிப் பார்த்துக் கேட்டான்:

"மச்சான், விரதம் இருக்கேன்னு சொல்ற. சாமிய வயித்துக்குள்ளேயா வச்சிருக்க?"

இந்தக் கூட்டாளி லாரி வேலையோடு சின்னதாக வியாபாரமும் செய்வான். இடுப்பு வலித் தைலம், கொழுப்பு கரைக்கும் பொடி, கறுப்புத் தேன் என்று மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஒரு மருந்துக்கடையே இருக்கும். தொங்காட் அலி கோப்பிதான் அவனிடம் அதிகம் ஓடும். காட்டு வேர் கலந்த கோப்பி, ஆண்களுக்குத் தெம்பு தரும் என்று அட்டையில் புலிப் படம் போட்டிருக்கும். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் எல்லோரும் போனபின் அவனிடம் போனேன்.

"அந்தக் கோப்பி ஒரு பெட்டி வேணும். எனக்கு இல்ல. சொந்தக்காரன் ஒருத்தனுக்கு."

"எல்லாரும் அந்தச் சொந்தக்காரனுக்குத்தான் லா வாங்குறானுங்க," என்றான். "அவன் யாருன்னு ஒரு நாள் பாக்கணும் மச்சான். பாவம், எவ்வளவு கோப்பிதான் குடிப்பான்?"

கோப்பியோடு குதிரைப் படம் போட்ட மாத்திரை ஒரு போத்தலும் தள்ளிவிட்டான். என் யோசனை இதுதான்: யாருக்கும் தெரியாமல் உடம்பைச் சரி செய்துகொள்வது, சரியானதும் விரதத்தை முடித்துப் பாயைச் சுருட்டுவது, மனைவிக்கு எதுவும் தெரியாமலே எல்லாம் பழையபடி ஆகிவிடும். கோப்பிப் பொட்டலங்களை வீட்டில் எங்கே வைப்பது? சாமி மேடைக்குக் கீழே ஒரு பழைய கற்பூர டப்பா இருந்தது. விரதக்காரன் பூஜை சாமான்களை வேறு யாரும் தொட மாட்டார்கள். அதற்குள் வைத்தேன். மாத்திரைப் போத்தலும் அங்கேயே போனது.

அதைக் குடித்த நாட்களில் நெஞ்சு உருமி மேளம் மாதிரி அடித்தது. முகம் சூடாகிக் காது சிவக்கும். ஒரு தடவை ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்திருக்கும்போதே கை நடுங்கி, தூக்கிய சாமானை மெதுவாகக் கீழே இறக்கி வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டேன். கூட்டாளி ஓடி வந்து, "வேலை செய்யுது மச்சான், வேலை செய்யுது!" என்றான். நெஞ்சைத் தவிர வேறெங்கும் எந்த வேலையும் நடக்கவில்லை.

வீட்டில் மனைவியின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. எனக்காக அவளும் மரக்கறிக்கு மாறியிருந்தாள். ஒரே அடுப்பில் மீனும் விரதச் சாப்பாடும் சமைக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து அவள் தம்பி மீன் கொண்டு வந்தால் அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். முடிக்குச் சாயம் போட்டாள். புதுச் சட்டைத் துணி எடுத்தாள். ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று, என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"எனக்கு ரொம்ப வயசாயிடிச்சா?"

"அதெல்லாம் இல்ல," என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவள் சீப்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். இப்படியே போனால் அவள் என்னைவிட்டு மனத்தால் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அடுத்த விரதத்தைத்தான் தேடினேன்.

அடுத்தது கார்த்திகை. ஐயப்பனுக்கு மாலை போடும் மாதம்.

எங்கள் குழுவின் குருசாமி ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான ஆணுக்கு மாலை போடும் முன் அவன் மனைவியைக் கூப்பிட்டு, "வீட்டுல சம்மதமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். "சம்மதம் சாமி" என்று மனைவி சொன்னபின்தான் கழுத்தில் மாலை விழும். சடங்குக்காகக் கேட்பதுதான். இல்லை என்று யாரும் சொன்னதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

கார்த்திகை முதல் நாள் காலை, கறுப்பு வேட்டி கட்டி, சட்டை இல்லாமல், தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்களின் மனைவிமார் ஒவ்வொருவராகச் சம்மதம் சொன்னார்கள். என் முறை வந்தது.

"அம்மா, சாமிக்கு மாலை போடப்போறேன். வீட்டுல சம்மதமா?"

"இல்ல சாமி," என்றாள் என் மனைவி.

மணி அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். குருசாமி மாலையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

"என்னம்மா சொல்றீங்க?"

"சம்மதம் இல்ல சாமி. நான் ஹுத்தான் மெலிந்தாங்காரி. இந்த மனுசன் தைப்பூசத்துல ஆரம்பிச்சாரு, இன்னும் விடல. அவரோட சேந்து நானும் மரக்கறி. கெம்போங் மீனுக்கு வால் எந்தப் பக்கம்னே மறந்துபோச்சு. ஐயப்பனுக்குக் கோவம் இல்லன்னா இவர வீட்டுக்கு அனுப்பிவிடுங்க."

கோவில் அதிரச் சிரித்தார்கள். குருசாமியின் வயிறு குலுங்கியது. "ஐயப்பன் அடுத்த வருசம் வரைக்கும் காத்திருப்பாரும்மா. மீன்தான் கெட்டுப்போயிடும். கூட்டிட்டுப் போங்க," என்று மாலையை எனக்குப் பின்னால் நின்றவர் கழுத்தில் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் கைதட்டியதையும் நான் பார்த்தேன். தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

ஆனால் மனைவி சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல் நுனி வெளுத்திருந்தது. இது மீன் விஷயம் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரிந்தது.

காரில் ஏறினோம். துண்டைப் போர்த்திக்கொண்டு நான் ஓட்டினேன். சிலிபின் சாலையில் ஒரு மரத்தடியில், "நிறுத்துங்க," என்றாள். நிறுத்தினேன்.

"யாரு அவ?"

"எவ?"

"நடிக்காதீங்க. கற்பூரம் தேடினப்ப டப்பாவைத் தொறந்தேன். தொங்காட் அலி கோப்பி. குதிரை மாத்திரை. வீட்டுல விரதம், வெளியில கோப்பி. யாருக்காகக் குடிக்கிறீங்க? கிடங்குல இருக்காளா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. பிறகுதான் புரிந்தது. ஒட்டுக்கடையில் கோப்பி கேட்கத் தெரியாத எனக்கு வெளியில் ஒருத்தி! அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவள் அழ ஆரம்பித்தாள். அவள் அழுவதைப் பார்த்ததும் இவ்வளவு நாள் வராத பேச்சு வந்துவிட்டது. ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"ஒருத்தியும் இல்ல. உனக்காகத்தான் குடிச்சேன். எனக்கு முடியல. ரொம்ப நாளா முடியல. ஒடம்புல ஒண்ணுமே இல்ல. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சு. அதான் விரதம்னு சொன்னேன்."

லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லா விரதமுமா?"

"தைப்பூசம் மட்டும் நெசம்."

"இத சொல்றதுக்குத்தான் ஒரு வருசமா எல்லாச் சாமியையும் தொந்தரவு பண்ணீங்களா?" என்றாள். தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்புறம் அழுகையும் சிரிப்புமாக, "நான் வேற, எனக்கு அழகு போச்சுன்னு அந்தச் சாயத்த எல்லாம் தலையில ஊத்தினேன். காது வரைக்கும் அரிச்சிச்சு லா!" என்றாள்.

மறு வாரமே அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், எங்கள் மகளைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். மெல்லிய குரல். அவர் மலாயில் கேட்டது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற தமிழ்த் தாதி, எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவர், முன்பு ஏதோ தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் போலும், எனக்கு உதவி செய்வதாக நினைத்து எல்லாவற்றையும் தமிழில் திருப்பிச் சொன்னார். வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அண்ணே, டாக்டர் கேக்குறாங்க, வீட்டுக்காரம்மா மேல ஆசை இருக்கா இல்லையா?"

நான் மேசையில் இருந்த இரத்த அழுத்தக் கருவியைப் பார்த்தேன்.

"ஆசை இருக்கு மிஸ்ஸி," என்றாள் மனைவி. "கரண்ட்டுதான் இல்ல."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்துவிட்டார். குறட்டை உண்டா, மூச்சு விட்டு விட்டு வருகிறதா என்று கேட்டார். "இவரு கூடத்துல படுப்பாரு டாக்டர், சத்தம் மட்டும் ரூமுக்கு வந்து படுக்கும்," என்று மனைவி சொன்னதை மிஸ்ஸி மலாயில் மாற்றிச் சொன்னார். பிறகு இரத்தம் எடுக்க நாள் குறித்தார்கள். காலையிலேயே எடுக்க வேண்டுமாம். ஆண்களின் ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்குமாம்.

"ஒண்ணும் சாப்பிடாம வரணும் அண்ணே. முடியுமா?" என்றார் மிஸ்ஸி.

"அதுல இவரு கெட்டிக்காரரு," என்றாள் என் மனைவி.

குடித்த மருந்துகளை எல்லாம் கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். கற்பூர டப்பாவோடு கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அறை முழுக்கக் கற்பூர வாசனை. கோப்பிப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நெஞ்சு அடித்துக்கொண்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இப்படிப்பட்ட சில பொட்டலங்களில் அட்டையில் எழுதாத மருந்துத் தூளைக் கலந்துவிடுகிறார்கள், அங்கே அளந்தபோது தெரிந்த என் உயர் இரத்த அழுத்தத்துக்கு அது ஆபத்து, இனித் தொடக்கூடாது என்றார். வேரின்மேல் தனக்குக் கோபம் இல்லை, வேரோடு வேறென்ன இருக்கிறது என்று தெரியாததுதான் பயம் என்றும் சொன்னார். குதிரை மாத்திரையைத் தனியாக ஒதுக்கி வைத்தார். அதன் பிறகு அதை நான் கேட்கவும் இல்லை.

முதல் இரத்தத்தில் ஹார்மோன் குறைவாக இருந்தது. உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை எடுத்தார்கள். அதிலும் குறைவுதான், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வாசல்வரை வந்து நின்றது. வைட்டமின் டி குறைவு. வெயிலைப் பார்க்காத ஆளுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார். ஊசி மருந்து உண்டு, அதை இப்போதே தொடங்க வேண்டாம். முதலில் தொப்பையைக் குறை, இரவில் தூங்கு, இனிப்பை விடு, பளு தூக்கு, வெயிலில் நட. வைட்டமின் மாத்திரை மட்டும் கொடுத்தார். சில மாதம் கழித்து மறுபடியும் பார்க்கலாம்.

"அண்ணே, சுருக்கமா சொல்றேன்," என்றார் மிஸ்ஸி. "பாயசம் வேணாம். அக்கா வேணும்."

எனக்கு ஒன்று அப்போதுதான் உறைத்தது. கோவிலில் சாப்பிட்ட இனிப்பும், பகலில் கெட்ட தூக்கமும், ஏறிய எடையும் சேர்ந்து, நான் எதை மறைக்க விரதம் இருந்தேனோ அதை அந்த விரதமே வளர்த்துவிட்டிருந்தது.

இரவு வேலையை மாற்றக் கேட்க வேண்டும். கிடங்கின் சீன சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று, டாக்டர் பகல் வேலை செய்யச் சொன்னார் என்றேன். ஏன் என்று கேட்டார். மனைவி கற்றுக்கொடுத்த பதில், "குறட்டை." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, தனக்கும் அதுதான் பிரச்சினை என்று பத்து நிமிடம் தன் குறட்டையைப் பற்றியே பேசினார். அடுத்த மாதம் பகல் வேலை கிடைத்தது. கேட்டால் கிடைக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி.

பிறகு நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். லகாட் போகும் வழியில் பழைய ஈயக்குளம் ஒன்று இருக்கிறது. ஈயத்துக்காக மண் தோண்டி விட்டுப்போன பள்ளத்தில் தண்ணீர் நின்று, இப்போது மீன் பிடிக்கிறவர்களும் நடக்கிறவர்களும் வருகிறார்கள். எதிரே சுண்ணாம்புக் குன்று. வேலை முடிந்து வெயில் தாழும்போது போவோம். முதல் நாள் மனைவி எனக்கு முன்னால் போய், திரும்பி வந்து, மறுபடியும் முன்னால் போனாள். "சாமி, பொறுமையா வாங்க. மலை ஒண்ணும் ஏறல," என்று கிண்டல் வேறு.

நடக்கும்போது ஒரு நன்மை உண்டு. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் முன்னால் இருக்கும் பாதையைப் பார்த்துக்கொண்டே பேசலாம். இருபத்துச் சொச்சம் வருடக் குடித்தனத்தில் பேசாததை எல்லாம் அந்தக் குளத்தைச் சுற்றித்தான் பேசினோம். அவளுக்கும் உடம்பில் மாற்றங்கள் வந்திருந்தன. திடீர் திடீரென்று சூடு ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது என்றாள். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கூடத்துல இருந்தீங்க," என்றாள்.

பளு தூக்க, காலிப் பெயின்ட் தகரங்களில் சிமென்ட் ஊற்றி இரும்புக் குழாயில் மாட்டினேன். தோட்டத்தில் இளைஞர்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள். பின்கட்டில் நான் மூச்சு வாங்கத் தூக்குவதைப் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் வேலி வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமி, திரும்பி மனுசனா ஆயிட்டீங்க போல. ரொம்ப நன்றி. எங்க வீட்டுல இப்ப என்னை ஏசுறது கொறைஞ்சிருக்கு." அவரும் ஒரு நாள் வந்து தூக்கிப் பார்த்தார். இப்போது தினமும் வருகிறார்.

ஒட்டுக்கடையில் இனிப்பில்லாத வெறும் தேத்தண்ணி, அதாவது தே ஓ கொசோங், என் வாயால் கேட்டு வாங்கினேன். முன்னால் இருந்தவர் கேட்டதைக் கை காட்ட முடியாது, அவர் கட்டிப் பால் ஊற்றிக் குடிக்கிறவர். முதல் தடவை சொன்னபோது கடைக்காரரே என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் என் குரலை அவர் கேட்டதில்லை.

மீன் திரும்பி வந்தது. மனைவியின் தம்பி ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டு வந்தார். மனைவி செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்திக்கிப் புடிச்சது," என்று சொந்தத் தம்பியையே ஏசினாள். பழைய சத்தம். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

உடம்பு ஒரே நாளில் மாறவில்லை. முதலில் தூக்கம் வந்தது. பிறகு எரிச்சல் போனது. பிறகு வேட்டி தளர்ந்தது. ஒரு நாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டே நான் பாடிக்கொண்டிருப்பதாகக் கூட்டாளி சொன்னான், எனக்கே தெரியாது. சில மாதம் கழித்து எடுத்த இரத்தத்தில் அளவு ஏறியிருந்தது. ஊசிக்கு இப்போது தேவையில்லை, இப்படியே தொடருங்கள் என்றார் டாக்டர். ஆனால் இரத்தம் சொல்வதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பேட்டரி ஏறியிருந்தது. இதற்கு மேல் எழுதினால் என் மனைவி இந்தத் தாளைக் கிழித்துவிடுவாள்.

கூட்டாளிக்கும் விஷயம் தெரிந்தது. கோப்பி வியாபாரத்தை விட்டுவிடு, அதில் என்ன கலந்திருக்கிறது என்று உனக்கே தெரியாது என்றேன். முறைத்துக்கொண்டு போனான். சில நாள் கழித்துச் சாப்பாட்டு வேளையில் எல்லோரும் போனபின் என்னிடம் வந்தான்.

"மச்சான், அந்தக் கிளினிக்கு எந்தப் பக்கம் இருக்கு? எனக்கு இல்ல லா. சொந்தக்காரன் ஒருத்தனுக்கு."

வழி சொன்னேன். மிஸ்ஸியின் குரலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவனே கேட்டுக்கொள்ளட்டும்.

மறுபடியும் கார்த்திகை வந்தது. நானும் மனைவியும் கோவிலுக்குப் போனோம். நான் வெள்ளை வேட்டி, சட்டையோடு ஓரமாக நின்றேன். குருசாமி என்னைப் பார்த்துவிட்டார். போன வருடத்துக் கதையை அவர் மறக்கவில்லை. மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பெரிய குரலில் கூப்பிட்டார்:

"வாங்க சாமி! ஐயப்பன் ஒரு வருசம் காத்திருந்திட்டாரு. அம்மா, இந்த வருசமாவது சம்மதமா? மீன் எல்லாம் சாப்பிட்டு முடிச்சாச்சா?"

எல்லோரும் சிரித்துக்கொண்டே என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் உண்மையாகவே போக விரும்பினால் அவள் சம்மதம் சொல்லியிருப்பாள். அதற்குத் தயாராக வாயைத் திறந்தும்விட்டாள்.

"எனக்குச் சம்மதம் இல்ல சாமி," என்றேன் நான்.

அது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. மணி அடிப்பவர் இந்தத் தடவையும் கையை நிறுத்தினார்.

"யாருக்கு? உங்களுக்கா?" என்றார் குருசாமி.

"ஆமா சாமி. நான் வீட்டுல இருக்கணும். ரொம்ப நாள் கழிச்சு இப்பதான் வீட்டுக்கு வந்திருக்கேன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ஹுத்தான் மெலிந்தாங்காரி வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். செருப்பு போடும் இடம் வரைக்கும் நிமிரவே இல்லை.

"ஏங்க," என்றாள் காருக்குப் போகும்போது, "இவ்வளவு சத்தமா பேசணுமா?"